165 மில்லிமீற்றர் கிராங்க்: எட்டு மாதப் பாவனைக்குப் பின்

என்னுடைய மவுண்டன் பைக்கில் இருந்த 175 மில்லிமீற்றர் கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கிச் சுழலும் கையை, கழற்றி, அதே நிறுவனத்தின் அதே வகையைச் சேர்ந்த 165 மில்லிமீற்றர் கிராங்கைப் பூட்டி எட்டு மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. ஷிமானோ நிறுவனத்தின் எஸ்.எல்.எக்ஸ். எம்7100 என்ற வகை அது. பின்பக்கம் பன்னிரண்டு கியர் கொண்ட சைக்கிள்களுக்காகச் செய்யப்பட்டது. வகை மாறாமல் நீளம் மட்டும் 10 மில்லிமீற்றர் குறைந்திருப்பதால், இங்கே நான் சொல்லப்போகும் மாற்றங்களுக்கு நீளத்தைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையிலும் அதன் பின் வந்த வெயிலிலும் இதை ஓட்டியிருக்கிறேன். வாரநாட்களில் வெள்ளவத்தையில் காலி வீதி, வார இறுதியில் ஹைலெவல் வீதி வழியாகப் பாதுக்கைப் பக்கத்து இறப்பர் தோட்டங்கள் என்பதே என் வழக்கம்.

கிராங்கின் நீளம் என்பது, சட்டகத்தின் அடியில் கிராங்க் சுழலும் பாகமான பொட்டம் பிராக்கெட்டின் அச்சு மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரையுள்ள தூரம். கையின் வெளிமுனை வரை நாடா வைத்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எப்போதும் கூடுதலான எண்ணையே தரும். அளக்கவே தேவையில்லை, ஏனென்றால் கையின் உட்புறத்தில், பெடல் பூட்டும் துளைக்கு அருகில், அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். வெளிநாடு சென்ற ஒருவரிடம் வாங்கிய என் சைக்கிளில் அது இரண்டு ஆண்டுகளாகச் சேற்றுக்கும் கிரீசுக்கும் கீழே கிடந்தது. என் உயரம் 157 சென்ரிமீற்றர். சட்டகம் சிறிய அளவு என்பதைப் பார்த்து வாங்கிய நான், மற்றப் பாகங்களும் அதற்கேற்ற அளவாகவே இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

ஏற்றங்களுக்குப் பிறகு முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கியபோது முதலில் வேறொரு கடைக்குத்தான் போனேன். அங்கே சீட்டைச் சற்று உயர்த்தி அனுப்பிவிட்டார்கள். கிராங்கின் நீளம் காரணமாக இருக்குமா என்று கேட்டதற்கு, எல்லா மவுண்டன் பைக்குக்கும் ஒரே அளவுதான் என்று பதில் வந்தது. அது தவறான பதில். இதே எம்7100 வகையே 165, 170, 175 என்று மூன்று நீளங்களில் வருகிறது என்பதைச் சொல்லியிருந்தால் அரை வருட வலி எனக்கு மிச்சமாகியிருக்கும்.

புறக்கோட்டை டாம் வீதியில் சிறியதொரு பட்டறை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் பிறகு போனேன். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிராங்கின் உட்புறத்தைத் துடைத்து, வெளிப்பட்ட எண்ணை எனக்குக் காட்டினார். “தங்கச்சி, இது ஆறடி ஆளுக்குப் போடுற கை. உங்கட காலுக்குப் பெருசு” என்றார். கையிருப்பில் 170உம் 175உம் மட்டுமே இருந்ததால் 165ஐ வரவழைக்க ஆறு வாரங்கள் ஆயின. வந்ததும் பழைய கையையும் புதிய கையையும் மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக, அச்சுத் துளைகள் நேராக இருக்கும்படி வைத்தார். மறுமுனையில் தெரிந்த வித்தியாசம் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம் அளவுதான் இருந்தது. நான் ஒன்றும் பேசாமல் நின்றதைப் பார்த்து அவர், “கையைப் பார்க்காதீங்க, கால் சுத்துற வட்டத்தைப் பாருங்க” என்றார். முழு விடயமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. 175 கிராங்கில் பாதம் சுற்றும் வட்டத்தின் விட்டம் 350 மில்லிமீற்றர். 165இல் அது 330.

இந்த 20 மில்லிமீற்றர் எங்கே பயன்படுகிறது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது கால் எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்தே சீட்டின் உயரத்தை அமைக்கிறோம். கிராங்க் 10 மில்லிமீற்றர் குறைந்தால் கீழ்ப்பெடல் அந்த அளவு மேலே வந்துவிடுவதால், கால் முன்போலவே நீள்வதற்குச் சீட்டையும் 10 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். மேல்நிலையிலோ பெடல் முன்பைவிட 10 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கும். சீட்டும் 10 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். ஆகவே சீட்டுக்கும் மேல்பெடலுக்கும் இடையில் 20 மில்லிமீற்றர் இடம் கூடுகிறது, முழங்காலும் இடுப்பும் அந்த அளவுக்குக் குறைவாக மடிகின்றன. சீட்டை மட்டும் உயர்த்தி மடிப்பைக் குறைக்கப் பார்த்தால் கீழ்நிலையில் கால் எட்டாமல் இடுப்பு இருபுறமும் ஆடும். முதல் கடையில் எனக்குச் செய்யப்பட்டது அதுதான். நெடிய கால்கள் உள்ளவருக்கு 20 மில்லிமீற்றர் பெரிதாகத் தெரியாது. என்னைப் போன்றவர்களுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறி வருவதற்கும் இயல்பாக மடிந்து இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு அது.

என் வலி மூன்றாவது வாரத்தில் குறைந்தது. இரண்டு மாதங்களில் நின்றுவிட்டது. எல்லா முழங்கால் வலிக்கும் கிராங்க் மருந்தாகாது. ஓட்டாத நாட்களிலும் வலி இருந்தால் பார்க்க வேண்டியது மருத்துவரையே. ஆனால் ஏற்றத்தில் மட்டும் வருகிற, பெடல் மேல்நிலையைக் கடக்கும்போது குத்துகிற வலி என்றால், மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் கிராங்கின் உட்புறத்தைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது பயன் தரைக்கும் பெடலுக்கும் இடையிலான உயரம். பாதுக்கைத் தோட்டங்களின் ஒற்றையடிப் பாதைகளில் இறப்பர் வேர்கள் பாதைக்குக் குறுக்கே கைவிரல்கள் போலப் புடைத்து நிற்கும். சரிவு நெடுகிலும் மழைநீரை மறிக்க வெட்டிய கான்கள் உண்டு. கானுக்குள் இறங்கி ஏறும் இடத்தில் ஒரு பெடலாவது மிதிக்காமல் மேலே வர முடியாது, மிதிக்கும்போது கீழ்ப்பெடல் கானின் விளிம்பில் இடிக்கும். 29 அங்குலச் சக்கர சைக்கிள்களில் திருப்பங்களில் தளம்பாமல் இருப்பதற்காக பொட்டம் பிராக்கெட்டைச் சக்கர அச்சுகளுக்குக் கீழே அமைப்பதால் இந்த இடி இன்னும் கூடுகிறது. என் சைக்கிளில் தரையிலிருந்து பொட்டம் பிராக்கெட் மையம் வரை 308 மில்லிமீற்றர். 175 கிராங்கில் பெடல் அச்சு தரையிலிருந்து 133 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்தது, இப்போது 143. பெடலின் தடிப்பையும், ஓட்டுபவரின் பாரத்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்போர்க் அமிழ்வதையும் கழித்தால் மிஞ்சும் இடைவெளி இன்னும் சிறியது என்பதால், அதில் சேரும் 10 மில்லிமீற்றர் அற்பமானதல்ல.

இதற்குச் சாட்சியாகப் பழைய கைகளையே எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் முனைகளில் சாம்பல் நிறப் பூச்சு உரிந்து, வெள்ளை அலுமினியம் தெரியும் பதினான்கு கீறல்களை எண்ணினேன்; ஒன்று விரல் நகம் பதியும் ஆழத்துக்குக் குழிந்திருந்தது. அதே பாதைகளில் எட்டு மாதங்கள் ஓடிய புதிய கைகளில் மூன்று கீறல்கள் உள்ளன, மூன்றும் மழைக்காலத்தில் வந்தவை. ஆகவே 165 பூட்டினால் பெடல் இடிக்கவே இடிக்காது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வேர் வரும்போது முழுச் சுற்று மிதிக்காமல் அரைச்சுற்று முன்னும் பின்னுமாக மிதித்துக் கடக்கும் பழக்கம் இன்னும் தேவைதான். அந்த அரைச்சுற்று, சிறிய வட்டத்தில் விரைவாகவும் எளிதாகவும் வருகிறது.

இனி, எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: நெம்புகோல் குறைந்தால் ஏற்றத்தில் வலு குறையாதா? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு விசைத் திருப்பம் நினைவிருக்கும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்பம் கிடைக்கிறது, தூரம் 175இலிருந்து 165 ஆகும்போது அது ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. மவுண்டன் பைக்குகளில் 175 நெடுங்காலம் கேள்வியின்றி நிலைத்ததற்கு, நீண்ட கை ஏற்றத்துக்கு உதவும் என்ற இந்தக் கணக்கே காரணமாகச் சொல்லப்பட்டு வந்தது. கணக்கு பிழையல்ல, ஆனால் பாதியில் நிற்கிறது. சங்கிலியை இழுக்கும் முன்பல்சக்கரமும் அதே நெம்புகோலின் மறுபக்கம்தான். முன்னால் 32 பல்லுக்குப் பதிலாக 30 பல் பூட்டினால் குறைந்த 6 சதவீதம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. 175ஐ 32ஆல் வகுத்தால் 5.47, 165ஐ 30ஆல் வகுத்தால் 5.5. அதாவது காலின் அதே அழுத்தத்துக்குப் பின்சக்கரம் முன்னரைவிட இம்மியளவு கூடுதலான விசையையே பெறுகிறது. கால் மட்டும் சற்று விரைவாகச் சுற்ற வேண்டும், அதுவும் சிறிய வட்டத்தில் என்பதால் பாதம் நகரும் வேகம் ஏறக்குறைய முன்போலவே இருக்கும்.

இதை நான் முதலில் செய்யவில்லை. பழைய கிராங்கிலிருந்த 32 பல் சக்கரத்தையே புதியதற்கு மாற்றிப் பூட்டிக்கொண்டு, கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் ஹற்றன் வீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முழங்கால் அமைதியாக இருந்தது, தொடைகள் சலித்துவிட்டன. பின்பல்சக்கர அடுக்கான கசெட்டின் மிகப் பெரிய 51 பல் சக்கரத்தில் சங்கிலி நின்றபோதும் இன்னும் ஒரு கியர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேடினேன். 30 பல் சக்கரம் பூட்டி மறுபடியும் அதே ஏற்றத்தில் போனபோது அந்தத் தேடல் இல்லை. 175இல் ஏறிய பழைய நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடும் இல்லை. சமதரையில் உச்ச வேகம் குறைந்தது உண்மை. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஆகச் சிறிய 10 பல் சக்கரத்தில் மணிக்குச் சுமார் 37 கிலோமீற்றர் வருகிறது. காலி வீதியில் பஸ்களுக்கிடையே ஓட்டுவதற்கு அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஆய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன. ஜேம்ஸ் மார்ட்டினும் வனீன் ஸ்பிர்டுசோவும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற 16 பேர் 120, 145, 170, 195, 220 மில்லிமீற்றர் ஆகிய ஐந்து நீளங்களில் தம் முழுப் பலத்தையும் கொடுத்து மிதித்தார்கள். நூறு மில்லிமீற்றர் வித்தியாசத்துக்குள் கிடைத்த உச்ச வலுவில் மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் சுமார் 4 சதவீதமே வேறுபட்டன, 145உம் 170உம் முன்னணியில் நின்றன. அது நிலையாக நிற்கும் இயந்திரத்தில் சில விநாடிகள் செய்த முயற்சி; இறப்பர் தோட்டத்தின் வேரும் சேறும் அதில் இல்லை. எனக்கு நெருக்கமாகப் படுவது, மலைச் சைக்கிள் போட்டிகளில் ஓடும் பெண்களை வைத்து மக்டெர்மிட், எட்வர்ட்ஸ் ஆகிய இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு. 170 கிராங்கில் அந்தப் பெண்கள் தம் உச்ச வலுவை 175ஐ விட விரைவாக எட்டினார்கள். கானிலிருந்து மேலே ஏறும் அந்த ஒரு மிதியில் வேண்டியிருப்பது அந்த விரைவுதான். வீதிப் பந்தயத்திலும் காற்று மாறிவிட்டது. 2024இல் ஒரே ஆண்டில் இத்தாலியச் சுற்று, பிரெஞ்சுச் சுற்று, உலக சாம்பியன் பட்டம் மூன்றையும் வென்ற தடேய் பொகாச்சர் ஓட்டியது 165 கிராங்கையே. அவர் என்னைவிட மிகவும் உயரமானவர்.

கால் உள்ளளவை 0.216 ஆல் பெருக்கிக் கிராங்கின் நீளத்தைக் காணும் சூத்திரம் ஒன்றும் பரவலாகப் புழங்குகிறது. வெறுங்காலுடன் சுவரோடு நின்று, ஒரு கொப்பியை இரு கால்களுக்கிடையே சீட்டு அழுத்துவது போல் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளப்பதே உள்ளளவு. எனக்கு 71 சென்ரிமீற்றர், சூத்திரத்தின்படி கிராங்க் 153 மில்லிமீற்றர். இதை நான் கட்டளையாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் கால்நீளம் மட்டுமல்லாமல் தரை உயரம், பழக்கம், கிடைக்கும் பாகங்கள் எல்லாம் சேர்ந்தே அளவைத் தீர்மானிக்கின்றன. ஆயினும் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை அது சரியாகச் சொல்கிறது. இந்த வகையில் 165க்குக் கீழே இல்லை என்பதே இதன் முதற்குறை. குட்டையானவர்களுக்கு 165 ஒரு தொடக்க அளவாக இருக்க வேண்டும், கடைசி அளவாக இருக்கக் கூடாது. இப்போது 160, 155 மில்லிமீற்றர் கைகளைச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. அவை கொழும்புக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நாள் வந்தால் நான் 160க்கு மாறிவிடுவேன்.

பூட்டும் வேலை கடினமானதல்ல, கவனம் வேண்டியது. பழையதும் புதியதும் 24 மில்லிமீற்றர் அச்சுக் கொண்டவை என்பதால் பொட்டம் பிராக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. நானா அச்சுக்குக் கிரீஸ் பூசி வலப்பக்கத்திலிருந்து செலுத்தி, இடக்கையைப் பொருத்தி, பிளாஸ்ரிக் மூடியை விரல்நுனிப் பலத்தோடு மட்டும் இறுக்கினார். அந்த மூடியின் வேலை அசைவை நீக்குவது மட்டுமே. அதைப் பலமாக இறுக்கினால் பெயரிங் தேயும். பிறகு இடக்கையிலுள்ள இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக 12 முதல் 14 நியூற்றன் மீற்றர் வரை இறுக்கினார். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதைத் தொடுவது தவறு. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை மறந்து ஸ்பனரைப் பலவந்தப்படுத்தினால் அலுமினியக் கையின் மரை அழிந்துவிடும், பிறகு கையையே மாற்ற வேண்டியதுதான். முன்பல்சக்கரத்தைக் கழற்றிப் பூட்ட விசேட கருவி தேவை. வீட்டில் சாதாரண எலன் கீக்களோடு இருப்பவர்கள் அந்த ஒரு வேலைக்காவது பட்டறைக்குப் போக நேரிடும்.

சீட்டை உயர்த்துவதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விளைவு உண்டு. இறக்கங்களில் சீட்டைத் தாழ்த்தும் டிராப்பர் போஸ்ட் உள்ளவர்கள் போஸ்டையே சட்டகத்திலிருந்து 10 மில்லிமீற்றர் வெளியே இழுப்பதால், தாழ்த்திய நிலையிலும் சீட்டு 10 மில்லிமீற்றர் உயர்ந்தே நிற்கும். இறங்கும்போது இரண்டு பெடல்களும் கிடையாக இருப்பதால் பாதத்தின் உயரம் மாறுவதில்லை, சீட்டு மட்டும் உடலுக்கு நெருங்கி வருகிறது. முன்பாதத்துக்கும் பின்பாதத்துக்கும் இடையிலான தூரமும் 20 மில்லிமீற்றர் குறைந்துவிடுகிறது. முதல் மாதத்தில் செங்குத்தான இறக்கங்களில் எனக்குக் காலூன்றிய இடம் சுருங்கிவிட்டது போலிருந்தது. பழகிவிட்டேன், ஆனால் இது உண்மையான இழப்பு. இறக்கத்தையே முதன்மையாக ஓட்டும் உயரமானவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். சீட்டைச் சில மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளியதும் மிதிக்கும் நிலை எனக்குச் சரியாக அமைந்தது.

பொருளின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. கை வளையவில்லை, அசைவில்லை, ஓசையில்லை, மழைக்காலம் முடிந்து கழற்றிப் பார்த்தபோது மரைகள் சுத்தமாக இருந்தன. சப்பாத்தின் குதிப்பக்கம் உரசும் இடத்தில் பூச்சு மங்கிவிட்டது. கடற்கரைக்கு அருகில் சைக்கிளை நிறுத்தும் என் வீட்டில் உப்புக்காற்று இடக்கைப் போல்ட்டுகளின் தலையைப் பழுப்பாக்கிவிட்டது. இரண்டு வாரத்துக்கொரு முறை எண்ணெய்த் துணியால் துடைப்பதால் அது மேலும் பரவவில்லை.

நூற்றெண்பது சென்ரிமீற்றருக்கு மேல் உயரமுள்ளவர்கள், 175இல் வலியில்லாமல் ஓட்டுகிறார்கள் என்றால், காசு செலவழிக்கக் காரணம் இல்லை. கொழும்பின் சமதரை வீதிகளுக்கு மட்டும் 170 கிராங்கோடு போய்வருபவர்களுக்கும் இதே பதில்தான். 165 சென்ரிமீற்றரும் அதற்குக் குறைவுமானவர்கள், குறிப்பாக என்னைப் போன்ற பெண்கள், தோட்டப் பாதைகளிலும் ஏற்றங்களிலும் ஓட்டுவதாயின் தயங்காமல் 165க்கு மாறலாம். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்கள் பாரத்தில் இன்னும் தாழ்வதால், அவற்றில் நடுத்தர உயரமுள்ளவர்களுக்கும் குட்டைக் கை பயன் தரும். சதுர அச்சுள்ள சாதாரண சைக்கிள்களில் இந்தக் கிராங்க் நேரடியாகப் பூட்டாது, பொட்டம் பிராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கைகளும் முன்பல்சக்கரமும் தனித்தனியே விற்கப்படுவதால், 165க்குச் சொல்லிவைக்கும்போதே 30 பல் சக்கரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நான் அதைத் தனியாக வரவழைக்க மேலும் ஒரு மாதம் காத்திருந்தேன்.